காடாள்வார்

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சிப் பெருமக்களே, தூறலையும் பாராமல் பண்ணைக்காட்டிலிருந்தும் தாண்டிக்குடியிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பளியர் பழங்குடிப் பெரியவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

'ஆள்' என்ற வினைச்சொல்லின் பொருள், வழக்கு இரண்டையும் இன்று பேச வந்திருக்கிறேன்.

"பொறுத்தார் பூமி ஆள்வார், பொங்கினார் காடாள்வார்" என்று என் அப்பத்தா அடிக்கடி சொல்வார். ஆள்வது என்றதும் நமக்குச் செங்கோல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மண்வெட்டியையும் நாம் கையாள்கிறோம். மேற்கோளை எடுத்தாள்கிறோம். திருக்குறளின் 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை; அங்கே ஆள்வினை என்றால் விடாமுயற்சி. கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர், அடிவாரத்தில் பழனி ஆண்டவர், எல்லாம் இந்தச் சொல்தான்.

சரி, வழக்குக்கு வருகிறேன். என் அப்பா ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கியபோது பத்திரம் எழுதுபவர் சத்தமாக வாசித்தார்: "சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." சுவரோரம் நின்ற அம்மா சட்டென்று முன்னால் வந்தார். "எத்தனை ஆண்டு அய்யா? அதை எழுதவே இல்லையே! கழுத்துச் சங்கிலியை விற்றுக் கொடுத்த பணம்!" அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அந்தப் பெரியவர் பேனாவை மூடி வைத்தார். "இது வருசக் கணக்கு இல்லை தாயீ. ஆளுறது. இனிமே அந்த மண்ணை நீங்கதான் ஆளணும்." அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியும் முன்னே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தோட்டத்து எல்லையைச் சுற்றி நடந்தார். சாகும்வரை ஒருநாளும் அந்த நடை நிற்கவில்லை. அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிய அந்தக் கால்களைத்தான் ஆட்சி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "பொங்கினார் காடாள்வார்" என்பதை சமவெளியில் தண்டனையாகச் சொல்கிறார்கள். மலையில் அது வாழ்வு. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் உழுது வாழும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் உள்ள நிலத்தில் 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும். உரிமைப் பத்திரத்தில் கணவன் பெயரோடு மனைவி பெயரும் இருக்கும். என் அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. ஊர் வழிவழியாகக் காத்த காட்டை ஊரே பராமரிக்கும் உரிமையும் அதில் இருக்கிறது. இந்த உரிமைகளைத் தீர்மானிக்கும் வேலையைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபையிடம்தான். பொறுத்தது போதும் அய்யா! பூமியும் ஆள்வோம், காடும் ஆள்வோம்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். தேன் எடுத்த பாறை எது, சாமி கும்பிட்ட சோலை எது என்று சொல்லத் தெரிந்த பெரியவர்களைக் கையோடு கூட்டிவாருங்கள். அவர்கள் வாய்மொழியை எழுதிக் கொடுத்தால் அதையும் சான்றாக ஏற்க விதி இருக்கிறது. எழுத நான் வருகிறேன்.