சிவப்புப் பெட்டி வந்தால் என்ன செய்வது?

வணக்கம் நேயர்களே. சிறு நிறுவனங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கணக்காளர் அலுவலகம், துணைப்பாட நிலையம், நகைக்கடை என்று தினமும் நாலைந்து இடங்களுக்குப் போய்வருவேன். இன்று ஓர் அச்சகத்தில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது அந்த அச்சகம். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிய நேரம். காலையில் கணினியைத் திறந்தால் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பெட்டி. அவர்கள் தமிழ் தட்டச்சு செய்யும் மென்பொருளை ஆன்டிவைரஸ் பிடித்து அடைத்து வைத்துவிட்டது. நான் போனபோது முதலாளி கையில் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியோடு நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, பதினைஞ்சு வருஷமா இதுலதான் அடிக்கிறோம். இதுல ஒண்ணும் கிடையாது. அந்த ஆன்டிவைரஸ நிறுத்திடு, சாயங்காலத்துக்குள்ள முந்நூறு பத்திரிகை போகணும்."

"அரை மணி நேரம் குடுங்கண்ணே" என்றேன்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தமிழ் விசைப்பலகை மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நீங்கள் ஓர் ஆங்கில விசையை அழுத்துகிறீர்கள். அந்த எழுத்து பக்கத்தில் போய் விழுவதற்கு முன்பே மென்பொருள் குறுக்கே புகுந்து அதைப் பிடித்து, அதன் இடத்தில் 'அ' என்று வைக்கிறது. அதற்காக, அழுத்தப்படும் ஒவ்வொரு விசையையும் தனக்குக் காட்டும்படி விண்டோஸிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கடவுச்சொல் திருடும் கீலாகரும் இதே கதவைத்தான் தட்டும். ஒன்று தமிழ் எழுதும், மற்றது திருடும். வாசலில் நிற்கும் காவலாளிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்த ஊர் இது. 'கணியன்' உருவாக்கிய நம் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் தமிழைக் கணினிக்குள் கொண்டுவரப் பட்ட பாட்டை நினைக்கும்போது, ஒரு தமிழ் மென்பொருளைத் திருடனைப் போலப் பூட்டி வைத்தால் எனக்கும் மனசு வலிக்கத்தான் செய்கிறது.

தொழில் மென்பொருள்கள் பலவும் இப்படி மாட்டுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று நிரலைச் சுருட்டிப் பூட்டி வைப்பார்கள். வைரஸ் எழுதுகிறவனும் பிடிபடாமல் இருக்க அதையேதான் செய்கிறான். அப்புறம், ஒரு கடைசல் இயந்திரத்துக்காகச் சிறு நிறுவனம் எழுதிய மென்பொருளை உலகத்தில் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்? முன்பின் பார்த்திராத கோப்பு என்றால் ஆன்டிவைரஸ் சந்தேகப்படும். எச்சரிக்கையின் பெயரிலேயே கொஞ்சம் துப்பு கிடைக்கும். 'ஜெனரிக்', 'ஹியூரிஸ்டிக்' என்றெல்லாம் இருந்தால் அது ஊகம். குறிப்பிட்ட ஒரு வைரஸ் குடும்பத்தின் பெயரே வந்தால் அந்தக் கோப்பைத் தொடவே கூடாது.

சரி, அச்சகத்துக்கு வருவோம். நான் கேட்ட முதல் கேள்வி, இந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான். மென்பொருள் பதினைந்து வருடப் பழக்கம், ஆனால் கணினி போன வருடம் மாற்றியது. புதுக் கணினியில் யார் போட்டார்கள்? வேலையை விட்டுப் போன ஒரு பையன், தன் தம்ப் டிரைவிலிருந்து.

தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து அதே பதிப்பை இறக்கினேன். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போல 64 எழுத்தும் எண்ணும் கொண்ட ஓர் அடையாளம் கணக்கிடலாம், எஸ்எச்ஏ-256 என்பார்கள். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த வரிசை அடியோடு மாறிவிடும். இரண்டையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து முதலாளிக்குக் காட்டினேன். முதல் எழுத்திலிருந்தே ஒன்றும் பொருந்தவில்லை. பெயரும் பதிப்பு எண்ணும் ஒன்றுதான், ஆனால் கோப்பு வேறு. உரிமக் கட்டணம் கட்டாமல் ஓட்டுவதற்காக யாரோ உள்ளே கைவைத்திருந்தார்கள். கைவைத்தவர் அதோடு நிறுத்திக்கொண்டாரா? அதைச் சொல்ல யாராலும் முடியாது. அந்தக் கணினியில்தான் வங்கிக் கணக்கும் பார்க்கிறார்கள். வேறொரு கணினியில் உட்கார்ந்து கடவுச்சொற்களை மாற்றிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு கணினியைத் துடைத்துச் சுத்தம் செய்து, அசல் மென்பொருளைப் போட்டேன். மறுபடியும் அதே சிவப்புப் பெட்டி! முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் இந்த முறை கையில் ஆதாரம் இருந்தது. கோப்பின் பண்புகளில் டிஜிட்டல் கையொப்பம், அதாவது கோப்பை வெளியிட்டவர் யார் என்று காட்டும் முத்திரை, தயாரித்தவர்கள் பெயரிலேயே சரியாக இருந்தது. வைரஸ்டோட்டல் என்று ஒரு சேவை உண்டு, 2012 முதல் கூகுளிடம் இருக்கிறது. ஒரு கோப்பைக் கொடுத்தால் எழுபது ஆன்டிவைரஸ்கள் வரை சோதித்துச் சொல்லும். அதில் மூன்று மட்டும் மழுப்பலாகச் சந்தேகப்பட்டன. (வாடிக்கையாளர் விவரம் உள்ள கோப்புகளை அங்கே ஏற்றிவிடாதீர்கள். ஏற்றியதை வெளியார் பலர் எடுத்துப் பார்க்க முடியும்.) தயாரித்தவர்களுக்கு எழுதினேன், அன்றே பதில் வந்தது. ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கும் தவறான எச்சரிக்கை என்று கோப்பை அனுப்பினேன். இரண்டு நாளில் சரிசெய்துவிட்டார்கள். அதுவரை விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் விசைப்பலகையில் அடித்தார்கள். கை பழகாததால் அன்று இரவு பத்து மணி ஆகிவிட்டது.

ஆன்டிவைரஸும் தவறு செய்யும், மறுக்கவில்லை. 2010 ஏப்ரல் 21ஆம் தேதி மெக்கஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த உறுப்பான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. உலகெங்கும் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்துகொண்டிருந்தன.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 2023 மார்ச்சில் நடந்த 3சிஎக்ஸ் சம்பவம். அலுவலகத் தொலைபேசி அழைப்புகளுக்கான மென்பொருள் அது. உலகம் முழுக்க நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. அதன் கணினிச் செயலியைச் சில பாதுகாப்பு மென்பொருள்கள் திடீரென்று தடுக்க ஆரம்பித்தன. தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே வந்த கோப்பு, கையொப்பமும் செல்லும். தவறான எச்சரிக்கையாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஒரு வாரம் கழித்து உண்மை வெளியே வந்தது. திருடர்கள் அந்த நிறுவனத்துக்குள்ளேயே புகுந்து, மென்பொருள் உருவாகும் இடத்திலேயே விஷத்தைக் கலந்திருந்தார்கள். எப்படிப் புகுந்தார்கள் தெரியுமா? அங்கே வேலை பார்த்த ஒருவர் தன் சொந்தக் கணினியில் போட்டிருந்த பங்கு வர்த்தக மென்பொருள் வழியாக. அதிலும் ஏற்கெனவே விஷம் கலந்திருந்தது.

அதனால்தான் அச்சகத்தில் நான் செய்த சோதனைகள் போதும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். நேற்றுவரை சும்மா இருந்த மென்பொருளை, புதுப்பித்த மறுநாள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிவைரஸ்கள் பிடித்தால், தயாரித்தவர்கள் விசாரித்து எழுத்தில் பதில் தரும்வரை அதை ஓட்டாமல் வைத்திருங்கள். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள்" என்று முதல் வரியிலேயே சொல்கிற விற்பனையாளரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு கணக்கு மென்பொருள்காரர் முழு ஃபோல்டரையும் சோதனையிலிருந்து விலக்கச் சொன்னார். விலக்கினால் நாளைக்கு அந்த ஃபோல்டருக்குள் எது வந்து விழுந்தாலும் காவலாளி கண்ணை மூடிக்கொள்வான். எந்தக் கோப்பு, அதன் கைரேகை என்ன என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார். நான்கு நாள் இழுத்த பிறகு கொடுத்தார். அந்த ஒரு கோப்பை மட்டும் அனுமதித்தேன்.

நம் ஊரில் 2018இல் சிங்ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். சந்தேகத்துக்குரிய அறிகுறிகள் ஊழியர்கள் கண்ணில் பட்டும் உரிய நேரத்தில் மேலே போய்ச் சேரவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. உங்கள் கடையில் சிவப்புப் பெட்டியைப் பார்க்கும் பெண், முதலாளி திட்டுவாரோ என்று பயந்து அதை மூடிவிடக் கூடாது. உண்மையிலேயே பாதிப்பு என்று தெரிந்தால் இணையப் பாதுகாப்பு முகமையின் சிங்செர்ட் பிரிவிடம் தெரிவிக்கலாம்.

அந்த அச்சகத்தில் இப்போது கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் தொங்குகிறது. எந்த மென்பொருள், எங்கிருந்து இறக்கியது, எந்தத் தேதி, போட்டது யார் என்று எழுதி வைக்கிறார்கள். போன வாரம் முதலாளி அழைத்தார். "தம்பி, மறுபடியும் சிவப்பு. நான் எதையும் தொடல." போய்ப் பார்த்தேன். விலைப்பட்டியல் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்த கோப்பு. நோட்டைப் புரட்டினோம், அப்படி ஒன்று அதில் இல்லை. இந்த முறை அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை.

நன்றி, வணக்கம்.