இரண்டு நிமிடத்தில் எதைப் பார்ப்பது?

(ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர்களிடையே ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம்.

பிரஷர் பார்க்கும் முறையை நீங்கள் எல்லோரும் படித்திருக்கிறீர்கள். நோயாளி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் டீ குடித்திருக்கக் கூடாது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அளக்க வேண்டும்.

சரி, நாளைக் காலை ஓ.பி.க்கு வாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, டீ குடித்து, வரிசையில் கால் கடுக்க நின்ற அம்மா ஸ்டூலில் உட்காருவார். ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுவோம். அவர் முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே 160 என்று எழுதி, மாத்திரையைக் கூட்டிவிடுவோம்.

67 நாடுகளின் தகவலைத் தொகுத்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு நோயாளிக்கு மருத்துவர் தரும் சராசரி நேரம் சுவீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. நமக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அமெரிக்காவிலும் 2022இல் ஒரு கணக்குப் போட்டார்கள். 2,500 பேரைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் மருத்துவர், நிபுணர் குழுக்கள் எழுதிய எல்லா மருத்துவ வழிகாட்டுதலையும் கடைப்பிடித்தால் நாளுக்கு 26.7 மணி நேரம் வேண்டுமாம்! நர்சும் மற்றவர்களும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டால் அது 9.3 மணி நேரமாகிறது.

வழிகாட்டுதல் தவறென்று நான் சொல்லவில்லை. சர்க்கரைக்கு ஒரு குழு, இதயத்துக்கு ஒரு குழு என்று எழுதுகிறார்கள், எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பதில்லை. எதை விடுவது என்ற முடிவு நம் மேசைக்கு வந்து சேர்கிறது. அதை நெரிசலில் எடுத்தால், சத்தமாகக் கேட்பவருக்கு நேரம் கிடைக்கும், சும்மா நிற்பவரின் கால் புண் தெரியாமலே போகும். (செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள், குனிந்து பார்க்கத்தான் ஆளில்லை.)

அதனால் முன்கூட்டியே நர்சுடனும் மருந்தாளுநருடனும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நோயாளிகள் எப்படியும் காத்திருக்கிறார்கள், அந்த நேரம்தான் ஐந்து நிமிட ஓய்வு. சாய்வுள்ள பெஞ்சை வெளியே போட்டு நர்ஸ் அங்கேயே அளக்கட்டும். சர்க்கரை உள்ளவர் பாதத்தையும் அங்கேயே பார்த்துவிடலாம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே போகிறது. கட்டுக்குள் இருப்பவர் மாத்திரைக்காக மட்டும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அதில் மிச்சமாகும் நிமிடம் கட்டுக்குள் வராதவருக்குப் போகட்டும்.

என்ன கூட்டமானாலும் ஒன்றை மட்டும் நான் விட மாட்டேன். மாத்திரையைக் கூட்டும் முன் இரண்டாம் முறை அளந்தே ஆக வேண்டும். இல்லாத பிரஷருக்குக் கூடுதல் மாத்திரை போட்ட பாட்டி, ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் தலைசுற்றி விழுவார். அப்புறம் இடுப்பெலும்பு முறிவுக்கும் ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது, அது இன்னும் நீளம்.