கொலுசில் கை தெரியட்டும்

(கோவையில் கைவினைக் கண்காட்சி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கமுங்க.

நம் கொங்கு வீடுகளில் குழந்தை பிறந்தால் முதலில் வந்து சேர்வது வெள்ளிதான். அரைஞாண் கொடி, காப்பு, எட்டு வைக்கத் தொடங்கியதும் சலங்கை வைத்த கொலுசு. இவ்வளவு பழகிய பொருளைக் கடையில் கையில் எடுத்ததும், "ஏனுங்க, ரெண்டு கொலுசும் ஒரே மாதிரி இல்லீங்களே, இந்த வளையம் கோணலா இருக்குதே" என்று தள்ளி வைத்துவிட்டு மிஷின் கொலுசை வாங்கிக்கொண்டு வருகிறோம். அந்தக் கோணலுக்காகப் பரிந்து பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றியும் சிவதாபுரம், பனங்காடு பக்கமும் கொலுசு வேலை வீட்டுக்கு வீடு பிரிந்து நடக்கிறது. ஓரிடத்தில் கம்பி இழுப்பார்கள், ஓரிடத்தில் வளையம் கோப்பார்கள், மெருகு போடுவது வேறிடம். நான் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தது பற்றவைக்கும் பட்டறையில்.

கம்பியைத் தண்டில் சுற்றி வெட்டினால் வளையம். அதன் வாயை நெருக்கி மூடி, வெங்காரம் தடவி, உருகி வாயை ஒட்டவைக்கும் பற்றுப்பொடி வைத்துத் தீயை ஊத வேண்டும். வெள்ளியின் குணம் இங்கேதான் தெரியும். உலோகங்களிலேயே சூட்டை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஒரு வளையத்தின் வாயை மட்டும் காய்ச்சலாம் என்றால் நடக்காது. சூடு பக்கத்து வளையத்துக்கும் ஓடும், ஏற்கெனவே பற்றவைத்த வாய்கூட விட்டுக்கொள்ளப் பார்க்கும். சுத்த வெள்ளி உருகுவது சுமார் 962 டிகிரி செல்சியஸில். செம்பு கலந்தால் அதற்கும் முன்பே இளகத் தொடங்கிவிடும். பொடி உருக வேண்டும், வளையம் உருகக் கூடாது. அந்தச் சிறு இடைவெளியை அளக்கப் பற்றவைக்கிறவரிடம் எந்தக் கருவியும் கிடையாது. வெள்ளி மங்கிய சிவப்புக்கு வருகிறது. பொடி திடீரென்று பளிச்சிட்டு வாய்க்குள் ஓடுகிறது. அந்த நொடியில் தீ விலக வேண்டும். ஒரு மூச்சு தாமதமானால் வளையத்தின் விளிம்பு லேசாகக் குழைந்து உருண்டுவிடும். கடையில் நாம் கோணல் என்றது அதைத்தான். எனக்கு அது அழகாகத் தெரிகிறது. ஒரு மனிதர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த தடம் அது.

இப்படிச் சொல்வதால் எல்லாப் பழுதையும் கொண்டாடச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். புடவையை இழுக்கிற கொக்கி, காலைக் கிழிக்கிற விளிம்பு, பாதியில் நின்ற பற்று, இவையெல்லாம் சோம்பல். டச்சை, அதாவது வெள்ளியின் சுத்தத்தை, கூட்டிச் சொல்லி விற்றால் அது மோசடி. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஆறு இலக்க எண்ணெழுத்துடன் ஹால்மார்க் வந்திருக்கிறது. கட்டாயமாக்கவில்லை, ஆனாலும் கேட்டு வாங்குங்கள். தரத்தில் கறாராக இருக்கிறவருக்குத்தான் வடிவத்தில் தாராளமாக இருக்கத் துணிவு வரும்.

இதோ பக்கத்தில் வெள்ளலூரில் 1842-ல் ரோமானிய வெள்ளிக் காசுக் குவியல் கிடைத்தது. அந்தக் காலத்து ரோமானியக் காசெல்லாம் சுத்தியலால் அடித்தது. அரசர் தலை நடுவில் விழாமல் ஓரம் தள்ளி விழுவது சகஜம். வெள்ளிக்காக மதித்து வாங்கியவர்கள் அந்தத் தள்ளலைப் பொருட்படுத்தியிருப்பார்களா?

இன்னொன்றும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். சுத்தியல் தடத்தையும் இப்போது அச்சில் ஏற்றி அடிக்கிறார்கள். காப்பைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரே பள்ளம் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. கையால் அடித்ததில் அப்படி வராது. அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். மறுபடி காய்ச்சி இளக்கித்தான் அடிக்க வேண்டும். இறுகிய வெள்ளியில் விழும் அடி ஒரு மாதிரி, இளகியதில் விழுவது இன்னொரு மாதிரி.

கூலியைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். வெள்ளி விலையில் நாம் யாரும் பேரம் பேசுவதில்லை, பேச முடியாது. செய்கூலியில்தான் பத்து ரூபாய், இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறோம். வளையத்துக்கு வளையம் தீயின் முன் குனிந்தவருடைய பங்கு அந்தக் கூலிக்குள்தான் இருக்கிறது. அங்கே கை வைக்காதீர்கள்.

வெளியே பட்டறைக்காரர்கள் சிலர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கொலுசை வாங்கி உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். எந்த வளையம் ஏன் அப்படி ஆனது என்று அவர்களிடமே கேளுங்கள், சொல்வார்கள். வணக்கமுங்க.