சர்க்கரையை யார் கேட்டது?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, மணி உங்க கையில. நேரா வந்துடறேன்.

தலைப்பு: நாட்டை விட்டு ஓட நேர்ந்த ஈரானியருக்கு மிஞ்சியது மறுவாழ்வா, மனக்காயமா? மனக்காயமேன்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தம்பி எங்களை ‘ஒப்பாரி அணி’ன்னார். கை தட்டினீங்க. அதோட விட்டாரா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால பார்சிகள் ஈரானை விட்டு குஜராத்துல சஞ்சான்ல வந்து இறங்கினாங்களாம். இங்க இடமில்லைன்னு காட்ட, ராஜா விளிம்பு வரைக்கும் பால் ஊத்தின கிண்ணத்தை அனுப்பினாராம். அவங்க அதுல சர்க்கரையைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாங்களாம். பால் வழியல, இனிச்சுது. “கரைஞ்சா இனிக்கும், அழுதா கரிக்கும்”னு முடிச்சார்.

கதை அழகு தம்பி. பாலைக் குடிச்ச ராஜா இனிக்குதுன்னார். சரி. சர்க்கரையை யாராவது கேட்டீங்களா?

கேக்கணும்னா குஜராத்துல இருக்கிற உத்வாடாவுக்கு வாங்க. அந்தப் பார்சிகள் கண்ணாக் காக்கிற புனித நெருப்பு 1742லேருந்து அந்த ஊர்ல இருக்கு. தலைமுறை தலைமுறையா குஜராத்தி பேசுறாங்க, சேலை கட்டுறாங்க. அந்த நெருப்புக்கு என்ன பேர் தெரியுமா? ஈரான்ஷா! ஈரானின் அரசன்! முழுசாக் கரைஞ்ச சர்க்கரை, விட்டுட்டு வந்த ஊர்ப் பேரை நெருப்புக்கு வைக்குமா? இத்தனை நூறு வருஷத்துல ஆறாதது, 1979 ஈரான் புரட்சிக்கு அப்புறம் ஓடினவங்களுக்கு நாற்பது வருஷத்துல ஆறிடுச்சுங்கறீங்களே!

ஒரு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறேன், வாங்க. டொராண்டோவுல நான் வேலை பார்த்த காலம். மேல் வீட்டுல ஒரு ஈரானிய அம்மா. ஈராக்கோட எட்டு வருஷம் சண்டை நடந்துச்சே, அப்போ கைக்குழந்தையோட ராத்திரியில மலை தாண்டித் துருக்கிக்குள்ள போய், அங்கேருந்து கனடா வந்தவங்க.

2025 மார்ச் 20. விடியக்காலை அஞ்சு மணி. மதுரையிலேருந்து வந்திருந்த என் மாமியார் என்னை உலுக்கி எழுப்புறாங்க. “மாப்பிள்ளை, மேல் வீடு காலியாம்!”

காது வச்சுக் கேட்டா, ஆமா, அந்த அம்மா போன்ல சத்தமா, “காலி, காலி”ங்கறாங்க. மாமியார் விடலையே! “வாடகை என்னன்னு கேளுங்க. அட்வான்ஸ் எத்தனை மாசம்? நம்ம சின்னவனை வரச் சொல்லிடலாமா?” நான் சட்டை போடறதுக்குள்ள, பணியாரத் தட்டோட வீடு பார்க்க மாடிப்படி ஏறிட்டாங்க!

கதவு திறந்துச்சு. மேஜையில ஆப்பிள், பூண்டு, வினிகர், நடுவுல பச்சைப் பசேல்னு முளைவிட்ட கோதுமை. “மாப்பிள்ளை, முளைப்பாரி வச்சிருக்காங்க!” ஆமாங்க, அவங்க புத்தாண்டு நவ்ரூஸ். நாம முளைப்பாரியைத் தண்ணியில கரைக்கிற மாதிரி, அவங்களும் 13-ம் நாள் ஓடுற தண்ணியில விடுவாங்க. சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேல வர்ற அந்த நொடியிலதான் வருஷம் பிறக்கும். தெஹ்ரான்ல மதியம் 12:31, டொராண்டோவுல விடியக்காலை 5:01.

அப்போ அந்தக் ‘காலி’? அவங்க மகன் சொன்னார். ஈரான்ல இருக்கிற தன் அக்காகிட்ட அந்த அம்மா, “ஜாத் காலி”ங்கறாங்க. உன் இடம் காலியா இருக்கு! வந்து சேராதவங்களுக்குச் சொல்ற வார்த்தை. நம்ம ‘காலி’யும் அதே சொல்தான், அரபியில பிறந்து பாரசீகம் வழியா நம்ம ஊருக்கு வந்தது. நாம அதை வாடகை வீட்டுக்குச் சொல்றோம். அவங்க ஒரு மனுஷி உட்கார வேண்டிய நாற்காலிக்குச் சொல்றாங்க.

ஏக்கத்தைப் பாரசீகத்துல ‘தெல்தங்கி’ம்பாங்க. நெஞ்சு இறுகிப் போறது. தம்பி, இதுக்குப் பேர் ஒப்பாரியா?

அதே வருஷம் ஜூன் மாசம். இஸ்ரேலோட நடந்த சண்டையில ஈரான் மேல குண்டு விழுந்த அந்தப் 12 நாள். நடுவுல இணையத்தையும் துண்டிச்சுட்டாங்க. அக்காவுக்குப் போன் போகல. என் மாமியார் மேல போய் அந்த அம்மா பக்கத்துல உட்கார்ந்தாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது ஒரே வார்த்தை. அந்த அம்மா போனைக் காட்டி, “காலி”ன்னாங்க. மாமியார் அந்தக் கையைப் பிடிச்சவங்க, விடியற வரைக்கும் விடல.

மணி அடிச்சுட்டீங்க நடுவரே. அந்த வீட்டுல மணி அடிக்க நாலு நாளாச்சு. அலோ இல்ல, நலமா இல்ல. அக்கா குரல் சொன்ன முதல் வார்த்தை, “ஜாத் காலி.”

வணக்கம்.