லாரி வருவதற்கு முன்பே

நேயர்களுக்கு என் வணக்கம்.

நூறு வீடுகள் உள்ள ஒரு சிற்றூர். ஒரே ஆழ்துளைக் கிணறு, ஒரு மோட்டார், ஒரு மேல்நிலைத் தொட்டி. ஆட்கள் நானூறு பேர் இருப்பார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது இந்தியாவின் ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு. அந்தக் கணக்குப்படி ஊருக்குத் தினமும் 22,000 லிட்டர் வேண்டும். மழை பொய்த்துக் கிணறு வற்றினால், 10,000 லிட்டர் லாரி இரண்டு நடை வந்தாலும் போதாது. ஒரு நாள் லாரி பழுதானால் ஊரே காய்ந்துவிடும்.

லாரித் தண்ணீரை நான் குறை சொல்லவில்லை. தாகத்துக்கு அதுதான் முதல் மருந்து. ஆனால் மழை பெய்ததும் லாரி நின்றுவிடும். அத்தனை பணம் செலவழித்த பிறகும் ஊரில் ஒரு குழாய்கூட மிஞ்சியிருக்காது. அடுத்த வறட்சியில் திரும்பவும் அதே லாரிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

பணக்கார நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், பாதுகாப்பான குடிநீர் ஒவ்வொரு மனிதரின் உரிமை என்று 2012-இல் சட்டமே இயற்றியது. இரண்டே ஆண்டுகளில், கடும் வறட்சியின் நடுவே, அங்குள்ள ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற ஊரில் வீட்டுக் கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வற்றின. ஏறத்தாழ 7,000 பேர் வாழும் ஊர். பெரும்பாலும் வீட்டுக்கு வீடு சொந்தக் கிணறு, அதிலும் ஆழம் குறைந்தவை. பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், வாசலில் தொட்டி வைத்து லாரியில் நிரப்பினார்கள். இத்தனைக்கும் போர்ட்டர்வில் நகரத்தின் குழாய் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது! அந்தக் குழாயோடு வீடுகளை இணைக்கும் வேலை 2016-இல்தான் தொடங்கியது. 750-க்கும் மேற்பட்ட வீடுகளை இணைத்து முடிக்க 2018 ஆகிவிட்டது. பச்சைக் குழந்தையை வைத்திருந்த தாய்க்கு அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

தாமதத்துக்குப் பணத்தட்டுப்பாடு மட்டும் காரணமில்லை. நிதி கேட்க மதிப்பீடு வேண்டும், வரைபடம் வேண்டும், நீர்ப் பரிசோதனை அறிக்கை வேண்டும், கையெழுத்துப் போட ஒரு பொறியாளர் வேண்டும். சிற்றூரில் காலையும் மாலையும் வால்வைத் திறந்துவிட ஒருவர் இருப்பார், அவ்வளவுதான். சொந்தக் கிணற்றை நம்பிய ஊரில் அவரும் இல்லை. விண்ணப்பம் எழுத ஆள் வைத்திருக்கும் ஊர் நிதியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. நாக்கு வறண்ட ஊருக்கு விண்ணப்பப் படிவம் வந்த செய்தியே தெரிவதில்லை. ஆகவே அரசு விண்ணப்பத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. எந்த ஊரில் நீர்மட்டம் இறங்குகிறது, எந்த ஊர் ஒற்றைக் கிணற்றை நம்பி நிற்கிறது என்று பார்த்து, தன் பொறியாளரை அரசே அனுப்ப வேண்டும். அதுவும் கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே. கலிபோர்னியா 2021-இல் இயற்றிய சட்டம் இந்தத் திசையில்தான் போகிறது. சின்னக் குடிநீர் அமைப்புகள் மாற்று நீராதாரம் வைத்திருக்க வேண்டும், தனிக் கிணறுகளை நம்பும் வீடுகளுக்காக மாவட்ட நிர்வாகமே வறட்சித் திட்டம் போட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

பக்கத்தில் குழாயே இல்லாத ஊர் என்ன செய்யும்? பிரேசிலின் வடகிழக்கு வறண்ட பூமியில் ஒரு வழி கண்டார்கள். அங்கே நெடுங்காலம் தண்ணீர் லாரி உள்ளூர்ப் பெரும்புள்ளிகளின் கையில் இருந்தது, தண்ணீர் வாக்குக்கு விலையானது. ‘வறட்சித் தொழில்’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. பத்து லட்சம் தொட்டித் திட்டம் 2003-இல் தொடங்கியது. அரசு சாரா அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று அரசு நிதியோடு வேலையை எடுத்துச் செய்தது. கூரையில் விழும் மழையைப் பிடித்து, வீட்டோரம் 16,000 லிட்டர் தொட்டியில் சேர்க்கிறார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு எட்டு மாதக் கோடைக்கு என்று வகுத்தால் ஆளுக்குத் தினம் பதின்மூன்று லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே காணும். மழை அடியோடு பொய்த்த ஆண்டில் அந்தத் தொட்டியிலும் லாரிதான் நீர் ஊற்ற வேண்டும். ஆனாலும் நீரைச் சேர்த்துவைக்க வீட்டில் ஓர் இடம் இருக்கிறது. என் மனத்தைத் தொட்டது வேறொன்று. உள்ளூர் ஆட்களுக்கே கொத்து வேலை பழக்கி அந்தத் தொட்டிகளைக் கட்டினார்கள். விரிசல் விட்டால் பூசத் தெரிந்தவர் அந்த ஊரிலேயே இருக்கிறார்.

பெரும்பாலான திட்டங்களில் இந்த ஒரு ஆள்தான் விடுபட்டுப்போகிறார். மோட்டார் எரிந்தால் நகரத்தில் அந்தச் செலவு லட்சம் வீடுகளுக்குப் பிரிந்துபோகும், சிற்றூரில் நூறு வீடுகள் சுமக்க வேண்டும். குழாய் போட நிதி ஒதுக்கும் அரசுகளிடம் நான் கேட்பது இதுதான்: அதே மதிப்பீட்டில் மோட்டார் பழுது பார்க்கும் செலவையும், வால்வு திறப்பவரின் பத்தாண்டுச் சம்பளத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

வணக்கம்.