சண்முகத்தின் பையைத் தேடி

வணக்கம். இன்றைக்கு நான் தேடிப் பிடித்துக் கொல்லப் போகிறவர் வேறு யாருமல்ல. இரண்டு வாரங்களுக்கு முன்பு வரை நானாக இருந்தவர்தான். அவர் பெயர் சண்முகம். 31 நாட்கள் உயிரோடிருந்து, 214 ஜாம்பிகளை வீழ்த்தி, கடைசியில் ஒரு டின் ஓப்பனருக்காக உயிரை விட்டவர். அவர் முதுகில் மாட்டியிருந்த பை இப்போதும் அவர் முதுகிலேயே இருக்கிறது என்பதும், அவர் ரோஸ்வுட் ஊரின் தெருக்களில் இன்னும் நடமாடிக் கொண்டிருக்கிறார் என்பதும்தான் இன்றைய பயணத்துக்குக் காரணம்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். இது ப்ராஜெக்ட் ஜோம்பாய்ட் என்ற கணினி விளையாட்டு. தொற்றால் செத்தவர்கள் ஜாம்பிகளாக எழுந்து நடமாடும் உலகில் முடிந்தவரை தப்பிப் பிழைப்பதுதான் ஆட்டம். தி இண்டி ஸ்டோன் என்ற சிறிய குழு உருவாக்கிய இந்த ஆட்டம் 2013 நவம்பரில், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்துக்கு வந்தது; பத்தாண்டுகளுக்கு மேலாகியும் இன்னும் முழுமை பெறாத ஆட்டமென்றே அறிவித்து விற்கிறார்கள். 2024 டிசம்பரில் சோதனைக்கு விட்ட 42ஆம் பதிப்பில் ஆடு மாடு வளர்ப்பதும் நிலவறைகளும் வந்துவிட்டன, ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உட்காரும் என்னைப் போன்றவனுக்கு 2021 டிசம்பரில் நிலைப்படுத்தப்பட்ட 41ஆம் பதிப்பே போதுமென்பதால் நான் அதிலேயே இருக்கிறேன்.

கதை நடக்குமிடம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். காலம் 1993 ஜூலை. மல்ட்ராவும் வெஸ்ட் பாயிண்டும் அங்கே உண்மையாகவே இருக்கும் ஊர்கள். ரோஸ்வுட் மட்டும் கற்பனை. 1993 என்ற ஆண்டு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. யாரிடமும் கைபேசி இல்லை, வழி தெரிய வேண்டுமென்றால் காகித வரைபடம் தேட வேண்டும், செய்தி தெரிய வேண்டுமென்றால் வானொலிப் பெட்டியைத் திருக வேண்டும். ஆட்டம் தொடங்கும்போதே, இது நீங்கள் எப்படி இறந்தீர்கள் என்பதன் கதை என்று திரையில் எழுதிக் காட்டி விடுகிறார்கள். சாவு உறுதி, நாள்தான் தெரியாது என்ற கணக்கில்தான் ஒவ்வொரு முறையும் உட்காருகிறோம்.

சண்முகம் தச்சர். வீடு கட்டத் தெரிந்தவராக இருந்தால் நல்லதென்று அந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வாரம் முழுக்க அவர் ஜாம்பியை விடத் தொலைக்காட்சியைத்தான் அதிகம் பார்த்தார். காரணம், உலகம் அழியத் தொடங்கிய பிறகும் அந்த ஊர்த் தொலைக்காட்சியில் சில நாட்கள் மரவேலை, சமையல் நிகழ்ச்சிகள் ஓடுகின்றன; நேரந்தவறாமல் எதிரில் உட்கார்ந்தால் கதாபாத்திரத்தின் திறமை உயர்கிறது. என் மனைவி அறைக்குள் எட்டிப் பார்த்து, திரைக்குள் ஒருவர் டிவி பார்ப்பதை நான் திரைக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

எட்டாம் நாள் ஹெலிகாப்டர் வந்தது. வழக்கமான அமைப்பில் அது ஆறாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாளுக்குள் ஒரு தடவை வரும்; அன்று காலையில் அவசர வானொலியைக் கேட்டிருந்தால் வான்வழி நடமாட்டம் இருப்பதாக முன்னறிவிப்பும் கிடைத்திருக்கும். அதன் இரைச்சலைப் பின்தொடர்ந்து சுற்றுவட்டாரத்து ஜாம்பிகளெல்லாம் திரண்டு வரும் என்பதால், அன்று திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, மாடியறையில் ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டே பொழுதைக் கழித்தார் சண்முகம்.

அந்த மாடியைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொல்ல வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டடுக்கு வீடு அது. எளிதில் கிடைக்காத பெரிய சம்மட்டி ஒன்று எங்கேயோ கையில் சிக்கியதும், முதல் வேலையாக வீட்டின் படிக்கட்டை உடைத்தேன். அதற்குப் பதிலாக, படுக்கை விரிப்புகளைக் கிழித்துக் கயிறாக்கி, மாடி ஜன்னலில் ஆணியடித்துக் கட்டித் தொங்கவிட்டேன். ஜாம்பி படியேறும், கயிறேறாது. கூரையில் மழைநீர் பிடிக்கும் பீப்பாய்கள் இரண்டு. பதினான்காம் நாள் மின்சாரமும் அதற்குச் சில நாட்கள் கழித்துக் குழாய்த் தண்ணீரும் நின்றுபோன போது, சண்முகம் அசரவே இல்லை. பிடித்த தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார், அலமாரியில் 23 டின்களை அடுக்கி வைத்திருந்தார்.

அந்த 23 டின்களைத் திறக்கத்தான் அவரிடம் எதுவுமில்லை. இந்தப் பதிப்பில் கத்தியை வைத்து டின்னைத் திறக்க முடியாது, ஓப்பனர் வேண்டும். அவரிடம் சம்மட்டி இருந்தது, ரம்பம் இருந்தது, மூன்று சுத்தியல்கள் இருந்தன. சோளமும் பட்டாணியும் சூப்பும் கண்ணெதிரே அடுக்கியிருக்க, திரையின் வலப்பக்கத்தில் பசிக்கான படம் சிவந்துகொண்டே போனது. சோற்றை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பதை இவ்வளவு நேர்த்தியாகச் செய்து காட்டும் ஆட்டம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

அடுத்த தெருவில் இன்னும் நுழையாத ஒரு வீடு இருந்தது. கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன். உடைத்த பிறகு சட்டத்தில் நீட்டிக் கொண்டிருக்கும் சில்லுகளை ஒவ்வொன்றாக அகற்றிவிட்டு, கொஞ்சம் நின்று சத்தத்துக்கு யார் வருகிறார்களென்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது முதல் நாளே கற்ற பாடம். அன்று சனிக்கிழமை இரவு பதினொன்றேகால். மறுநாள் காலையில் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. சில்லுகளை அகற்றினேன், நிற்கவில்லை. உள்ளே போய்ச் சமையலறை இழுப்பறையைத் திறந்தால் ஓப்பனர்! எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு, வந்த வழியிலேயே திரும்பி, ஜன்னலுக்கு வெளியே கால் வைத்த நொடியில், வேலியோரம் இருந்த ஒரு பெண் ஜாம்பி கையை நீட்டியது. முன்கையில் ஒரு கீறல். அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தில் கடித்துவிட்டால் நூற்றுக்கு நூறு தொற்று உறுதி. சதை கிழிந்தால் 25 சதவீதம், வெறும் கீறலென்றால் 7 சதவீதம். ஏழுதானே என்று விரிப்புத் துணியால் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள், ஆட்டத்தின் மறுநாளைத்தான் சொல்கிறேன், குமட்டலுக்கான படம் தோன்றியது. அது தொற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். முந்தின நாள் தின்ற பழைய இறைச்சியாகவும் இருக்கலாம். வாசலில் அழுகிக் கிடந்த பிணங்களின் நாற்றமாகவும் இருக்கலாம், ஏனென்றால் இவை மூன்றும் தொடக்கத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். எந்தச் சண்டையிலும் அடிக்காத அளவுக்கு எனக்கு அப்போதுதான் நெஞ்சு அடித்தது. பிணங்களை இழுத்துத் தூரப் போட்டேன். பழைய உணவை எறிந்தேன். குமட்டல் போகவில்லை, பதற்றம் கூடியது, பிறகு காய்ச்சல் வந்தது.

சண்முகத்தை அந்த மாடியிலேயே சாகவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் செத்து எழுந்தால் வீட்டுக்குள்ளேயே சுற்றுவார் என்பது நடைமுறைக் காரணம். அவர் கட்டிய வீடு அசுத்தமாகக் கூடாதென்பது இன்னொரு காரணம். சம்மட்டி, விதைகள், மருந்துகள் எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு, கயிற்றில் இறங்கி, தெருமுனை வரை நடந்துபோய் நின்றேன். ஆகஸ்ட் 9, 1993. திரை இருண்டது. கணினியை அணைத்துவிட்டுப் படுத்த பிறகுதான், ஓப்பனரைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைக்கவே இல்லையென்பது உறைத்தது.

தனியாக விளையாடும்போது கதாபாத்திரம் இறந்தாலும் உலகம் அப்படியே இருக்கும். அதே உலகத்தில் இன்னொருவரைப் பிறப்பித்துக் கொள்ளலாம். இன்று வந்திருப்பவர் பெயர் செல்வி, பழைய தொழில் திருட்டு. பூட்டிய வீடுகளுக்குள் நுழையவும் சாவியில்லாமல் வண்டியைக் கிளப்பவும் தெரிந்தவர் என்பதால் எடுத்தேன். பாவம், இவருக்குத் தொலைக்காட்சிப் பாடமும் இல்லை, மின்சாரமும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து எடுத்த பேஸ்பால் மட்டை ஒன்றுதான் துணை.

இந்த இடத்தில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் தர வேண்டியிருக்கிறது. ஆட்டத்தின் விதிகளை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் சாண்ட்பாக்ஸ் அமைப்புக்குள் போய் இரண்டு விஷயங்களை மாற்றியிருக்கிறேன். கொன்ற ஜாம்பிகளுக்குப் பதிலாகப் புதியவை முளைப்பதை நிறுத்திவிட்டேன், மொத்த எண்ணிக்கையையும் ஒரு படி குறைத்திருக்கிறேன். இது ஏமாற்று வேலை என்று இதற்கு முந்தைய காணொளியில் சிலர் கோபித்துக் கொண்டார்கள். வாரம் முழுக்க அலுவலகக் கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உட்காருகிறவன், சுத்தம் செய்த தெரு அடுத்த வாரமும் சுத்தமாக இருக்க வேண்டுமென்று ஆசைப்படுவதில் எனக்கு வெட்கமில்லை. சண்முகத்தின் 31 நாட்களை நான் பத்துப் பன்னிரண்டு சனிக்கிழமைகளாக வாழ்ந்திருக்கிறேன். தொற்றுக்கான விதிகளில் மட்டும் கை வைக்கவில்லை. கடித்தால் மட்டும் பரவும்படி மாற்ற வசதியிருக்கிறது, மாற்றியிருந்தால் சண்முகம் இன்றும் இருந்திருப்பார். ஆனால் அந்த ஏழு சதவீதத்தை எடுத்துவிட்டால் ஒரு ஜன்னலைப் பார்த்து நான் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது?

சரி, செல்வி இப்போது குனிந்தபடி வேலியோரமாகப் போய்க் கொண்டிருக்கிறார். ஓடினால் காலடிச் சத்தம் கேட்கும் என்பதோடு மூச்சும் வாங்கும். களைத்துப்போன கையால் அடித்தால் அடியில் வலுவே இருக்காது. இதோ, தெருமுனை. மூன்று பேர் நிற்கிறார்கள். இருவரை நான் அறியேன். மூன்றாமவர் நீலச் சட்டை, பழுப்புக் காலணி, முன்கையில் நான் போட்ட அதே கட்டு, முதுகில் பச்சைப் பை. இதைப் பார்த்த என் மகள், "அப்பா, அவரு நம்மாளு இல்ல?" என்று கேட்டாள். நம் ஆள்தான்.

முதல் இருவரையும் ஒருவர் பின் ஒருவராக வேலிக்கு இழுத்து, வேலி தாண்டி விழும்போது முடித்துவிட்டேன். செல்வியின் பீதி உச்சத்தில் இருக்கிறது, புதியவர்களுக்கு அப்படித்தான். சண்முகம் தள்ளாடித் தள்ளாடி வருகிறார். 214 பேரை வீழ்த்திய திறமை எதுவும் அவரிடம் மிச்சமில்லை. ஒரு தள்ளு, கீழே விழுந்துவிட்டார். மட்டையால் ஒன்று, இரண்டு, மூன்று. முடிந்தது.

பையைத் திறக்கிறேன். பாதி தீர்ந்த சிகரெட் பெட்டி, ஒரு தண்ணீர் பாட்டில், கிழிந்த துணிகள், டின் ஓப்பனர்.

செல்வியைக் கயிற்றில் ஏற்றி மாடிக்குக் கொண்டு வந்தாகிவிட்டது. பீப்பாய்கள் இரண்டும் நிறைந்திருக்கின்றன. ஒரு சோள டின்னைத் திறந்து கொடுத்திருக்கிறேன், பசிப்படம் மறைந்துவிட்டது. மணி பத்தே முக்கால்தான் ஆகிறது, இன்றைக்கு அவசரப்பட மாட்டேன். இந்த ஆட்டத்தில் குழி தோண்டிப் பிணத்தைப் புதைக்கலாம், அதற்கு ஒரு மண்வாரி வேண்டும். ஆறு வீடு தள்ளி ஒரு தோட்டக் கொட்டகை இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அங்கிருந்து தொடங்குவோம்.