ஒரு பெரியவர் கேட்டார், கடலில் தீவே போட்டுக் கொடுத்தது கத்தார்!

தோஹாவில் மியூசியம் கட்ட, கடற்கரைச் சாலையோரம் நல்ல நல்ல இடமாகக் காட்டினார்கள். எண்பது வயதைத் தாண்டிய அந்தக் கட்டடக் கலைஞருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. நாளைக்குப் பக்கத்தில் யாராவது உயரமாக ஒரு டவர் எழுப்பினால் என் கட்டடம் எடுபடாது, கடலுக்குள் தனியாக ஒரு தீவு போட்டுக் கொடுங்கள் என்றார். போட்டுக் கொடுத்தார்கள்! (நம் வீட்டு மேஸ்திரி இதைக் கேட்டுவிடப் போகிறார்.)

முதலில் வரலாறு, வேகமாக. கத்தார் முத்துக்குளித்துப் பிழைத்த ஊர். ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்ததும் அந்தத் தொழில் படுத்தது. எண்ணெய் வந்தது, 1971இல் சுதந்திரம், அப்புறம் எரிவாயு, பணம் கொட்டியது. போதும், மேலே போவோம்.

அந்தப் பெரியவர் ஐ. எம். பெய். பாரிஸ் லூவர் மியூசிய முற்றத்தின் கண்ணாடிப் பிரமிடு அவர் போட்டதுதான். இஸ்லாமியக் கட்டடக் கலையின் சாரம் எது என்று தேடி ஊர் ஊராகக் கிளம்பினார். ஸ்பெயினின் கோர்டோபா மசூதியைப் பார்த்தார்: ஸ்பெயின் வாடை தூக்கல். நம் ஃபதேபூர் சிக்ரிக்கும் வந்தார்: இந்திய வாடை தூக்கலாம்! கடைசியில் கெய்ரோவின் இப்னு துலூன் மசூதி முற்றத்தில் நின்றுவிட்டார். அங்கே உளூச் செய்வதற்காக (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஒரு மண்டபம். கீழே சதுரம், மேலே எண்கோணம், அதற்கு மேல் குவிமாடம். வெளியே பெரிய வேலைப்பாடு கிடையாது. வெயில் ஏற ஏற சுவரில் நகரும் நிழல்தான் அலங்காரம்.

அதே கணக்கில்தான் தோஹாவின் இஸ்லாமியக் கலை மியூசியம் எழுந்தது. 2008இல் திறந்தபோது பெய்க்கு வயது 91. உச்சியில் இரண்டு வளைவுத் திறப்புகள் உண்டு. நிகாபுக்குள்ளிருந்து பார்க்கும் கண்கள் என்பார்கள் பலர். ஒருமுறை கேட்டுவிட்டால் வேறு மாதிரி பார்க்கவே முடியாது!

இப்போது கூட்டிப் பாருங்கள். சீனாவில் பிறந்த அமெரிக்கர், எகிப்து மண்டபம், பிரான்ஸ் சுண்ணாம்புக்கல், உள்ளே ஸ்பெயினிலிருந்து மத்திய ஆசியா வரை பல ஊர்ப் பொருட்கள். போர்டில் மட்டும் கத்தார். கேலி செய்யவில்லை, கெட்டிக்காரத்தனம் என்கிறேன். நேற்று முளைத்த பணக்காரன் என்ற பேச்சை, ஆயிரம் வருஷ நாகரிகத்தின் வாரிசு என்று மாற்றுகிறார்கள்.

சொந்தக் கதைக்கு 2019இல் தேசிய மியூசியம்: பழைய ஷேக் அரண்மனையைச் சுற்றி, பாலைவனப் படிக வடிவில் 539 வட்டத் தகடுகள், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் கைவண்ணம். எனக்கென்னவோ செல்ஃபிக்காகக் கட்டியது போலத்தான் இருக்கிறது. அபுதாபியின் லூவர் மியூசியத்துக்கும் அவரேதான். அங்கே ‘லூவர்’ என்ற பெயருக்கு மட்டும் 2007 ஒப்பந்தத்தில் 40 கோடி யூரோ, அதுவும் 30 வருஷத்துக்கு!

நான் பெரிதாக மதிப்பது தோஹாவில் யாரும் அதிகம் பேசாத பின் ஜெல்மூத் வீட்டைத்தான். அடிமை வியாபாரி ஒருவரின் வீடு அது. 2015இல் அடிமைமுறை பற்றிய மியூசியமாக்கினார்கள். கத்தாரில் அடிமைமுறை ஒழிந்தது 1952இல்தான். இன்றைய கட்டாய உழைப்பையும் அந்த வீடு தொடுகிறது. கத்தாரில் வேலை பார்க்கும், பார்த்த நம் ஆட்கள் யாராவது அங்கே போயிருந்தால் கமென்டில் எழுதுங்கள். மேலே பின் செய்து வைக்கிறேன்.